மூச்சுத் திணறலுக்கு வந்தவரின் காலை ஏன் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்ததைப் படித்தேன். பீடி சுற்றியே குடும்பத்தைக் கரையேற்றிய அவருடைய அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகி, ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வார்டில் படுக்கை கொடுத்ததும் நர்ஸ் வந்து கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாராம். நாக்கை நீட்டச் சொன்னாராம். முதுகைத் திருப்பி, இடுப்புக்குக் கீழே தடவி, சேலையை விலக்கிக் கெண்டைக்காலை அமுக்கி, குதிகாலைத் தூக்கி, மெட்டியைக்கூடத் திருகிப் பார்த்தாராம். அவர் போனதும் பயிற்சி மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே செய்திருக்கிறார்கள். "மூச்சு விட முடியாமல் வந்தவளுக்குக் காலில் என்ன சோதனை?" என்று அந்தத் தம்பி கேட்டிருந்தார்.

நான் அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் நெஞ்சக நோய் வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். தம்பியின் கோபத்தில் பாதி நியாயம், பாதி நியாயமில்லை. காலைப் பார்த்தது சரி. பார்த்த விதம்தான் சரியில்லை. இரண்டையும் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததால்தான் இப்படிப் பல வீட்டில் நர்ஸ்கள் மேல் வருத்தம் வருகிறது.

தலை முதல் கால் வரை பார்ப்பது என்பது நர்ஸிங் படிப்பில் முதல் வருடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கிற பாடம். டாக்டர் நோயைத் தேடுகிறார். நர்ஸ் அந்த நோயோடு இந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார், அடுத்த எட்டு மணி நேரத்தில் எங்கே சறுக்குவார் என்று பார்க்கிறார். இளைப்பு நெஞ்சில்தான் இருக்கிறது, சரி. ஆனால் அதன் சங்கதி நாக்கில் இருக்கும், நகத்தில் இருக்கும், மூத்திரப் பையில் இருக்கும், பாதத்தில் இருக்கும். அதிலும் இளைத்துத் துரும்பாகிப்போன ஆளுக்கு வாயால் சொல்லத் தெம்பு இருக்காது. உடம்புதான் சொல்ல வேண்டும்.

நல்ல நர்ஸ் பக்கத்தில் போவதற்கு முன்பே பாதி பார்த்து முடித்திருப்பார். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தாலே பலதும் தெரியும். ஆள் சாய்ந்து படுக்க முடிகிறதா, இல்லை முன்னால் குனிந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? "என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டால் ஒரு முழு வாக்கியம் வருகிறதா, "தண்ணி" என்று ஒரு சொல்லைச் சொல்லி ஒரு மூச்சு வாங்கி "தா" என்கிறாரா? மூக்கு மடல் விரிகிறதா? கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே அமுங்குகிறதா? உதட்டைக் குவித்து ஊதுகிறாரா? இதற்கெல்லாம் நோயாளியைத் தொடவே வேண்டாம்.

மூச்சை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், முந்தானை ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை இருந்தால் சரி. 24-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 30-ஐத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கி எழுதுகிற பழக்கம் பல வார்டுகளில் உண்டு. அதைவிட மோசம், எண்ணாமலே எல்லார் கேஸ் ஷீட்டிலும் 20 என்று எழுதுவது. ஒரு வார்டு முழுக்க எல்லாரும் ஒரே கணக்கில் மூச்சு விடுவார்களா என்ன? சீனியராக இருந்தபோது நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஒன்றுக்காகத்தான்.

அடுத்தது நினைவு. இதில் வீட்டுக்காரர்கள் ஏமாந்துபோவது சகஜம். ராத்திரி பூராவும் உட்கார்ந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் விடியற்காலையில் கண்ணயர்ந்துவிடுவார். "இப்பதான் தூங்குதாரு சிஸ்டர், எழுப்பாதீங்க" என்று மகள் கெஞ்சுவாள். அது தூக்கமாகவும் இருக்கலாம். வெளியே போக வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் சேர்ந்து வருகிற மயக்கமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எழுப்பித்தான் ஆக வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம், தோளைத் தொட்டு அசைப்போம். "இது எந்த ஊரு, வந்திருக்கது யாரு?" என்று கேட்போம். பஸ்ஸை மறிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வோம். விட்டு விட்டுக் கை தொங்கி ஆடினால் கரியமில வாயு ஏறியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். விடியற்காலைத் தலைவலி, திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, வீட்டு ஆளையே அடையாளம் தெரியாமல் போவது எல்லாமே இந்த வகையில் வரலாம். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பப் பேச்சாகத்தான் முதலில் தெரியும் என்பதும் உண்டு. "அம்மைக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்று கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முகத்துக்கு வருவோம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் உதட்டை நம்ப முடியாது. போதாததற்கு வெற்றிலை. வாழ்நாள் பூராவும் வெற்றிலை போட்ட ஆச்சியின் உதடும் நாக்கும் சிவந்து கிடக்கும்போது நீலத்தை எங்கே தேடுவது? வாயைக் கொப்பளிக்க வைத்து, நாக்கின் அடிப்பக்கத்தையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்ப்போம், நகக்கண்ணையும் பார்ப்போம். தம்பியின் அம்மாவை நாக்கை நீட்டச் சொன்னது இதற்காகத்தான் இருக்கும். கீழ் இமையை இழுத்தது ரத்த சோகை இருக்கிறதா என்று பார்க்க. ரத்தம் குறைந்த உடம்புக்கு, நுரையீரல் எடுத்துக் கொடுக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் சுமக்க ஆள் போதாது.

வாயில் இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது. பல்செட் இருந்தால் கழற்றி டப்பாவில் வைத்துப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். மயக்கத்தில் அது தொண்டைக்குள் நழுவினால் பெரிய ஆபத்து. இன்ஹேலரில் ஸ்டீராய்டு இழுப்பவர்களுக்கு நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் வெள்ளைப் படலம் படியும். எரிச்சலில் சாப்பாடு இறங்காது. மருந்து இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கடைசியாக, விழுங்குகிறாரா என்பது. மூச்சு வாங்குகிற ஆளுக்குப் படுத்த வாக்கில் கஞ்சியையோ காப்பியையோ ஊற்றாதீர்கள். குடித்ததும் இருமினாலும், குரல் கரகரத்தாலும், அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். பல நாள் படுக்கையில் இருக்கிறவருக்கு வரும் நிமோனியாவில் கணிசமான பங்கு இப்படித் தப்பான வழியில் இறங்குவதால் வருவது. பல் விளக்கிவிடுவது, வாயைத் துடைத்துவிடுவது எல்லாம் அழகுக்காகச் செய்வதில்லை. வாயில் பெருகுகிற கிருமிதான் பிறகு நெஞ்சுக்குள் இறங்குகிறது.

காதைப் பற்றி ஒரு வரி. ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். அது அறுத்து அறுத்துப் புண்ணாகும். தினமும் மடக்கிப் பார்க்க வேண்டும், பஞ்சு வைக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டுகிற கருவிக்குப் பதிலாக, விரல் சில்லிட்டுப் போனால் காது மடலில் மாட்டுகிற கருவி உண்டு. பாம்படம் என்கிற கனத்த நகை போட்டு வளர்த்த காதில் அதை எங்கே மாட்டுவது என்று சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து விழித்துக்கொண்டு நின்றது. அந்தக் காதெல்லாம் இனி வார்டில் பார்க்கக் கிடைக்காது, அது வேறு.

விரலில் மாட்டுகிற கருவிதான் இப்போது எல்லாருக்கும் தெய்வம். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல், நடுக்கம் எதுவும் அதன் கணக்கைக் குழப்பலாம். கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வில், கருவி நல்ல அளவு காட்டிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நம் பக்கத்து நிறத்துக்கு இதை மறக்கக் கூடாது. கருவி 95 என்கிறது, ஆள் வியர்த்து விறுவிறுத்துக் கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருக்கிறார் என்றால், நான் ஆளைத்தான் நம்புவேன்.

கையைப் பிடித்ததோடு நகத்தையும் பார்ப்போம். இரண்டு கையிலும் ஒரே விரலின் நகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் நடுவில் சின்னதாக வைர வடிவில் ஓர் இடைவெளி தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத், தனக்கே இதய உள்ளுறைத் தொற்று வந்தபோது தன் விரலிலேயே அந்த இடைவெளி மறைவதைக் கவனித்து 1976-ல் எழுதியது இது. வெறும் இளைப்பு நோயில் நகம் இப்படி உருண்டு திரளாது. திரண்டிருந்தால் நுரையீரல் புற்று, நாள்பட்ட சீழ், நுரையீரல் தழும்பு என்று வேறு ஏதோ இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் வளையல். மணிக்கட்டில் கிடக்க வேண்டிய வளையல் முழங்கைவரை ஏறினால் எடை பார்க்கும் மிஷின் தேவையில்லை. மூச்சு விடுவதற்கே உடம்பு சதையைத் தின்றுகொண்டிருக்கிறது.

நெஞ்சுக்கும் முதுகுக்கும் வருவோம். கூச்சம் என்று தம்பி எழுதியிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பே கூச்சத்தில் பிறந்ததுதான். 1816-ல் பாரிஸில் லெனெக் என்கிற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார். அந்தக் கூச்சத்தை மதிக்காத நர்ஸ் அந்தக் கருவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. திரை போட வேண்டும், "முதுகுல குழாய வைக்கேன் ஆச்சி, ஜில்லுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். எந்த இடத்தைப் பார்க்கிறோமோ அதை மட்டும் விலக்கி, முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

தெம்பில்லாத ஆளுக்கு முதுகின் அடிப்பாகத்திலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கீழே வருவதற்குள் ஆள் களைத்துப்போவார். படுத்தே கிடப்பவர்களுக்கு நீரும் சளியும் தங்குவதோ அடியில்தான். வாயைத் திறந்து மூச்சு விடச் சொல்லி, ஓரிடத்தில் கேட்டதும் அதே உயரத்தில் மறுபக்கத்தையும் கேட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று இடத்துக்கு ஒரு தடவை சும்மா விட வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். வீசிங் சத்தம் குறைந்தால் குணமாகிறது என்று நினைக்காதீர்கள். விசில் அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு திடீரென்று அமைதியானால், காற்றே போகவில்லை என்பதாகவும் இருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் சிஸ்டர் சொல்லித்தந்த முதல் பாடம் அது. அவர்கள் சொன்னபடியே சத்தத்தோடு முகத்தையும் பார்ப்பேன். சத்தம் குறைந்து முகமும் தெளிந்தால் சந்தோஷம். சத்தம் குறைந்து ஆள் மட்டும் அசந்துபோனால் ஓட வேண்டும்.

முதுகைக் கேட்க ஆள் நிமிர்ந்து உட்கார்ந்த அதே நேரத்தில் இடுப்புக்குக் கீழே, உட்காரும் எலும்பின் மேல், படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தம்பிக்கு மிகவும் சங்கடமாக இருந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மூச்சு முட்டுகிறவர்கள் இரவும் பகலும் ஒரே மாதிரி சாய்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம், சதையில்லாத உடம்பு, வியர்வை மூன்றும் சேர்ந்தால் சிவப்பாகத் தொடங்குவது சில நாளில் குழியாகிவிடும். கருத்த தோலில் அந்தச் சிவப்பும் தெரியாது. தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். தடவிப் பார்த்தது அதற்காக. படுத்தே இருப்பவர்களுக்கு நீர் வீக்கமும் காலில் தெரியாமல் இடுப்பின் பின்பக்கம்தான் இறங்கும்.

வயிற்றைப் பற்றி அதிகம் இல்லை. மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போனால், மூச்சை இழுக்கிற தசையான உதரவிதானம் ஓய்ந்துபோகிறது என்று பொருள், அது அவசரம். வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்க வேண்டும். முக்கும்போது மூச்சு இன்னும் திணறும். மூத்திரம் மட்டும் பெரிய விஷயம். கழிவறை வரை நடக்கப் பயந்து வயதான பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். மூத்திரம் மஞ்சள் கறுத்து, சளி கெட்டிப்பட்டு, இருமினால் வராமல், கடைசியில் அதுவே நெஞ்சை அடைக்கும். எவ்வளவு போனார் என்று கேட்கிற நர்ஸை முறைக்காதீர்கள்.

இப்போது கால்.

இரண்டு காலிலும் வீக்கம் இருந்தால், கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டை விரலால் சில நொடி அமுக்கி எடுப்போம். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர். பல வருடம் இளைப்பு இருந்தவர்களுக்கு இருதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அயர்ந்துபோகும். அதன் முதல் புகார் பெரும்பாலும் காலில்தான் தெரியும். மெட்டியைத் திருகிப் பார்த்ததும் அதனால்தான். போன மாதம் சுலபமாகச் சுழன்ற மெட்டி இப்போது சதைக்குள் பதிந்திருக்கிறது என்றால் வீக்கத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம். கழற்றுவதாக இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்ற வேண்டும். வெட்டி எடுக்கிற நிலை வந்தால் மனசும் சேர்ந்து நோகும்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் கதையே வேறு. பீடிக்காரம்மாக்கள் சுளகை மடியில் வைத்துக் காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகியவர்கள், கால் வலியைச் சொல்லவே மாட்டார்கள். படுக்கையில் கிடக்கிறபோது காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகும். அதன் அறிகுறியும் மூச்சுத் திணறல்தான். எனவே திணறலுக்கு வந்தவரின் கெண்டைக்காலைப் பார்க்காத நர்ஸ்மேல்தான் புகார் எழுத வேண்டும்.

குதிகால், படுக்கைப்புண் வருகிற இன்னோர் இடம். விரல் நுனியை அமுக்கி விட்டால் நிறம் இரண்டு நொடியில் திரும்ப வேண்டும், வயதானவர்களுக்குச் சற்றுக் கூடலாம். சில்லிட்டுப் போய் மெதுவாகத் திரும்பினால் ரத்த ஓட்டம் தளர்கிறது.

அரசாங்கமே இதை ஏற்றுக்கொண்ட உதாரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், காசநோய் என்று உறுதியானவர்களில் யாரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்க ஸ்கேனோ பெரிய ரத்தப் பரிசோதனையோ கேட்கவில்லை. உயரமும் எடையும் எடுத்து எவ்வளவு மெலிந்திருக்கிறார், காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு மூச்சு 24-க்கு மேலா, விரல் கருவியில் 94-க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவ்வளவுதான். காலைப் பார்ப்பதும் நிற்கச் சொல்வதும் மூச்சை எண்ணுவதும் எவ்வளவு கனமான வேலை என்று இதைவிட எப்படிச் சொல்வது? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துவிடுங்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பீடித் தூள் இருமல் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் நம் ஊர்களில் நிறைய.

சரி, தம்பியின் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். தலை முதல் கால் வரை என்று பெயர் இருப்பதால், தலையில் ஆரம்பித்துக் காலில் முடித்தே தீர வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பரீட்சைக்கு அது சரி. மூச்சு வாங்குகிற ஆளுக்கு வரிசையை மூச்சுதான் தீர்மானிக்க வேண்டும். நிலைமை மோசமாக இருந்தால் முதலில் ஆக்சிஜன், நிமிர்த்தி உட்கார வைப்பது, மருந்தைப் புகைபோல் இழுக்க வைக்கிற நெபுலைசர், டாக்டர். நகமும் நாக்கும் பிறகு. கொஞ்சம் அடங்கியதும், ஆள் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ அந்த நிலையிலேயே என்னென்ன பார்க்க முடியுமோ எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஒரு தடவை எழுப்பினால் முதுகும் இடுப்பும் விரிப்பு மாற்றுவதும் சேர்ந்தே முடிய வேண்டும். வயிற்றைப் பார்க்கிறேன் என்று மட்டமாகப் படுக்கப் போடக் கூடாது. சாய்ந்த வாக்கிலேயே பார்க்கலாம். சாப்பிட்ட கையோடு கூடாது. அளவு எடுக்கிறேன் என்று மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. கேள்வியை ஆம், இல்லை என்று தலையாட்டும்படி கேட்க வேண்டும். மீதியை மகளிடம் கேட்கலாம். ஆள் களைத்தால் நிறுத்திவிட்டு, நெபுலைசர் முடிந்த பிறகு திரும்பி வந்து காலைப் பார்த்தால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக அதையே செய்தது தப்பு. சந்தேகமே இல்லை. அவர்கள் படிக்க வேண்டும், நானும் அப்படிப் படித்தவள்தான். ஆனால் ஒருவர் பார்க்க, மற்றவர்கள் சுற்றி நின்று கவனித்து எழுதலாம். தேறி வருகிற நோயாளி இருப்பார், அவரிடம் கேட்டு அனுமதியோடு தனியாகப் பழகலாம். அடுத்த ஷிப்ட்டில் வருகிறவரும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. முந்தைய ஷிப்ட்டில் எழுதியது ஒழுங்காக இருந்தால், மாறக்கூடியதை மட்டும் பார்த்தால் போதும்: மூச்சு, நினைவு, நெஞ்சின் அடிப்பாகம், மூத்திரம், தோல். எழுதியது ஒழுங்காக இருந்தால் என்று சொன்னேன், அங்கேதான் சிக்கல். ராத்திரியில் ஒரே ஒரு நர்ஸ் வார்டு முழுவதையும் பார்க்கிற இடத்தில் யாரால் நிதானமாக எழுத முடியும்? ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்வே பெற்றாயிற்று. இப்போதும் கேட்கிறேன். அதோடு ஒவ்வொரு வார்டிலும் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி மறைப்புத் திரை வேண்டும், உடைந்ததை ஸ்டோர் ரூமில் போட்டு வைக்காமல்.

கூட இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நர்ஸ் வரும்போது நீங்கள் சொல்லக்கூடிய சில விஷயங்கள் எந்தக் கருவியிலும் கிடைக்காது. போன மாதம் எவ்வளவு தூரம் நடந்தார், இப்போது எவ்வளவு? எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார்? சளி என்ன நிறம், ரத்தம் வந்ததா? என்ன இன்ஹேலர், எத்தனை தடவை, எப்படி இழுக்கிறார்? விறகடுப்பா, கேஸா? ரவிக்கை தொளதொளத்துவிட்டதா? ராத்திரி பேச்சு மாறியதா? கடைசிக் கேள்விக்கு "ஆமா, ஆனா வயசாயிட்டுல்லா" என்று சமாதானம் சொல்லிவிடாதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் எதை வெட்டினாலும் இந்தப் பத்தியை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாள்பட்ட இளைப்பு நோயாளிகள் பலரை ஆக்சிஜன் சிலிண்டரோடோ, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கான்சென்ட்ரேட்டரோடோ வீட்டுக்கு அனுப்புகிறார்கள். விரல் கருவி 90 காட்டியதும் வீட்டில் பதறிப்போய் ஆக்சிஜனைக் கூட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு டாக்டர்கள் வைக்கிற இலக்கே 88-லிருந்து 92 வரைதான். அவர்களுக்கு 98 வரை ஏற்றினால் கரியமில வாயு தேங்கி, நான் மேலே சொன்ன அந்த மயக்கத் தூக்கம் வரலாம். உங்கள் வீட்டு ஆளுக்கு இலக்கு எவ்வளவு, எத்தனை லிட்டர் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் கேளுங்கள். எழுதியிருந்தும் ஆள் எழுப்பினால் எழும்பாமல், பேச்சு குழறி இருந்தால் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் தொடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கல்லிடைக்குறிச்சி.